முதலில் பட்டியல், பிறகு வேலை

கோல சிலாங்கூர் மாவட்டத்தில், பெஸ்தாரி ஜெயாவை ஒட்டி இருக்கிறது தென்னமரம் தோட்டம். மலேசியாவில் செம்பனை முதன்முதலாக வணிகப் பயிராக வேரூன்றியது அங்கேதான். ஆண்டு 1917. அதற்கு வழிகாட்டியவர் ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுத் தோட்ட முதலாளி. அன்று தொடங்கிப் பல தலைமுறைகளுக்கு இந்த வட்டாரத்தின் கணக்கெல்லாம் காகிதத்தில்தான் வாழ்ந்தது. ஆள் கணக்கைக் கிராணியார் செக்ரோலில் எழுதினார். ரப்பர் பாலின் எடையும் செம்பனைக் குலைகளின் எண்ணிக்கையும் தனித்தனிப் பேரேடுகளில் ஏறின.

இன்று லாரி எடைப்பாலத்தில் ஏறி நின்றதும் எடை நேராகக் கணினிக்குப் போகிறது. நீடித்த செம்பனை எண்ணெய்க்கான எம்எஸ்பிஓ சான்றிதழை மலேசியா 2020 முதல் கட்டாயமாக்கியது. அதற்கான ஆவணங்களைத் தணிக்கையாளர் கேட்கும்போது எடுத்துக் காட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய காடழிப்புத் தடுப்புச் சட்டம், எண்ணெய் எந்த நிலத்தில் விளைந்தது என்பதைப் புவியிடக் குறிப்போடு நிறுவச் சொல்கிறது. ட்ரோன் எடுத்த படங்கள், உரம் போட்ட கணக்கு, சம்பளப் பட்டுவாடா, மருத்துவ விடுப்பு என்று மற்றவையும் சேர்கின்றன. ஈஜோக்கில் இருந்தாலும் சபாக் பெர்ணமில் இருந்தாலும், ஒரு தோட்ட நிர்வாகம் இன்று மரத்தோடு சேர்த்துத் தரவையும் வளர்க்கிறது.

இவையெல்லாம் சரியாக எங்கே இருக்கின்றன? இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது? கேட்பதற்கு எளிதான கேள்விகள்தாம். பதில் சொல்ல முன்பு கணினி நிர்வாகி ஒருவர் திரைக்கு முன்னால் உட்கார வேண்டியிருந்தது. இப்போது அதே கேள்வியைத் தமிழிலோ மலாயிலோ தட்டச்சு செய்தால், செயற்கை நுண்ணறிவு முகவர் ஒன்று சர்வர்களிடம் விசாரித்துப் பதில் கொண்டுவருகிறது. சேமிப்பிடங்களைப் பட்டியலிடும் இந்தச் சின்ன வேலையில்தான் முகவர்களை நம்புவதா வேண்டாமா என்ற பெரிய கேள்விக்கான விடை தொடங்குகிறது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு பெட்டிக்குள் பல கணினிகள்

முகவர் விசாரிக்கும் அந்த சர்வர்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று முதலில் பார்ப்போம். ஒரு சர்வருக்குள் பல கணினிகள் இயங்குவதுபோலச் செய்யும் நுட்பத்துக்கு மெய்நிகராக்கம் என்று பெயர். ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே தன் பெருங்கணினிகளில் இதைச் செய்து பார்த்தது. 1972இல் விஎம்/370 என்ற பெயரில் விற்பனைக்கும் கொண்டுவந்தது. சாதாரண சர்வர்களுக்கு இது பரவலாக வந்து சேர மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. 2003இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வுக்கூடம் ‘ஜென்’ என்ற ஹைப்பர்வைசரைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டது. ஹைப்பர்வைசர் என்பது வன்பொருளுக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே நின்று, செயலியையும் நினைவகத்தையும் பல மெய்நிகர் கணினிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் மென்பொருள்.

ஜென்னை வளர்த்தவர்கள் தொடங்கிய ஜென்சோர்ஸ் நிறுவனத்தை 2007இல் சிட்ரிக்ஸ் வாங்கியது. அதன் ஜென்சர்வர் மென்பொருளின் இலவசப் பதிப்பில் பல வசதிகள் பின்னர் குறைக்கப்பட்டன. அப்போது பிரான்சின் கிரெனோபிள் நகரிலுள்ள வேட்ஸ் நிறுவனத்தார் அதே திறமூல அடித்தளத்திலிருந்து எக்ஸ்சிபி-என்ஜி என்ற பதிப்பை 2018இல் வெளியிட்டார்கள். இந்தத் துறையில் முன்னணியில் இருந்த விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கி, ஒருமுறை காசு கொடுத்து நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமங்களை நிறுத்தியது. சந்தா கட்டத் தயங்கிய நிறுவனங்கள் பல எக்ஸ்சிபி-என்ஜி, பிராக்ஸ்மாக்ஸ் போன்ற திறமூல மென்பொருள்களின் பக்கம் திரும்பின. கையில் இரண்டு மூன்று சர்வர்கள் மட்டுமே வைத்திருக்கும் சிறிய அலுவலகங்களுக்கு இவை நல்ல வழி.

மெய்நிகர் கணினிக்கு வட்டும் மெய்நிகர்தான். அது உண்மையில் ஒரு கோப்பாகவோ, பெரிய வட்டில் ஒதுக்கிய ஒரு பகுதியாகவோ எங்காவது இருந்தாக வேண்டும். அந்த இடத்தைத்தான் ஜென் உலகில் சேமிப்புக் களஞ்சியம் என்கிறார்கள். சர்வருக்குள்ளேயே இருக்கும் வட்டு ஒரு களஞ்சியமாகலாம். அலுவலக வலையமைப்பில் எல்லா சர்வர்களும் சேர்ந்து பயன்படுத்தும் என்எஃப்எஸ் பகிர்வும் ஆகலாம். இயங்குதளத்தை நிறுவ உதவும் ஐஎஸ்ஓ கோப்புகள் அடங்கிய கோப்புறையும் ஆகலாம்.

பன்னிரண்டு வரிகள், நான்கு களஞ்சியங்கள்

பெஸ்தாரி ஜெயாவுக்கும் புக்கிட் ரோத்தானுக்கும் இடையில் எங்கோ ஒரு தோட்ட அலுவலகத்தில் மூன்று சர்வர்கள் ஒரே தொகுப்பாக இயங்குவதாக வைத்துக்கொள்வோம். களஞ்சியங்களைப் பட்டியலிடு என்று கட்டளை கொடுத்தால் என்ன வரும்?

ஒவ்வொரு சர்வருக்கும் உள்வட்டு ஒன்று, டிவிடி இயக்கி ஒன்று, யூஎஸ்பி முதலிய செருகு சாதனங்களுக்கான இடம் ஒன்று என மூன்று வரிகள். மூன்று சர்வர்களுக்கு ஒன்பது. எக்ஸ்சிபி-என்ஜி தானாகவே வைத்துக்கொள்ளும் கருவித் தொகுப்புக்கு ஒரு வரி. ஐஎஸ்ஓ நூலகத்துக்கு ஒரு வரி. பொதுவான என்எஃப்எஸ் பகிர்வுக்கு ஒரு வரி. மொத்தம் பன்னிரண்டு. இவற்றில் மெய்நிகர் கணினியின் வட்டை வைக்க ஏற்றவை மூன்று உள்வட்டுகளும் அந்த என்எஃப்எஸ் பகிர்வும் மட்டும்தான். பட்டியல் பொய் சொல்லவில்லை. ஆனால் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்பது படிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு களஞ்சியத்தோடும் மூன்று அளவுகள் வருகின்றன. முதலாவது, களஞ்சியத்தின் மொத்தக் கொள்ளளவு. இரண்டாவது, இதுவரை உண்மையாக நிரம்பிய அளவு. மூன்றாவது, மெய்நிகர் கணினிகளுக்கு ‘உனக்கு இவ்வளவு’ என்று வாக்குக் கொடுத்த அளவு. நம் என்எஃப்எஸ் களஞ்சியத்தின் கொள்ளளவு 8 டெராபைட், நிரம்பியது 5, வாக்குக் கொடுத்தது 11 என்று கொள்வோம். முதல் இரண்டு எண்களை மட்டும் பார்த்தவர் 3 டெராபைட் மிச்சம் என்று நிம்மதியாகப் போவார். மூன்றாவதையும் பார்த்தவருக்குத்தான் இருப்பதைவிட 3 டெராபைட் கூடுதலாக வாக்குக் கொடுத்திருப்பது தெரியும். எழுத எழுத மட்டும் இடம் எடுத்துக்கொள்ளும் ஒதுக்கீட்டு முறையில் இது குற்றமல்ல. பெரும்பாலான இடங்களில் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் எல்லா மெய்நிகர் கணினிகளும் ஒருசேர வளர்ந்தால் களஞ்சியம் நிரம்பிவிடும். எழுதும் முயற்சிகள் தோற்கும். எடைப்பாலத்தின் தரவுத்தளமும் சம்பளக் கணக்கும் ஒரே நேரத்தில் நிற்கும்.

அலகுகளிலும் சிக்கல் இருக்கிறது. 8 டெராபைட் என்று விற்கப்படும் வட்டு ஆயிரத்தின் மடங்கில் எண்ணப்பட்டது. 1024இன் மடங்கில் எண்ணும் மென்பொருள் அதையே 7.28 என்று காட்டும். வட்டு குறையவில்லை, எண்ணும் முறைதான் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு கூட்டினால் விடை பிழைக்கும். அதே போல, ஒரே என்எஃப்எஸ் பகிர்வுக்குள் இரண்டு களஞ்சியங்களை உருவாக்கியிருந்தால் இரண்டும் தனித்தனியாக முழுக் கொள்ளளவையே காட்டும். கண்ணை மூடிக்கொண்டு கூட்டுபவருக்கு 8 டெராபைட், 16 ஆகத் தெரியும்.

பட்டியலில் ஒரு களஞ்சியத்தின் பெயர் இருப்பதாலேயே அது வேலைக்கு ஆயத்தமாக இருப்பதாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு சர்வருக்கும் ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் இடையில் ஓர் இணைப்புப் பதிவு இருக்கிறது. வலையமைப்புக் கம்பி கழன்றிருந்தாலோ, சேமிப்புச் சாதனம் அணைந்திருந்தாலோ அந்த இணைப்பு அறுந்திருக்கும். பெயர் மட்டும் பட்டியலில் நிற்கும். தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டில் நடந்தது இதுவேதான். செக்ரோலில் பெயர் இருக்கும், ஆள் களத்தில் இருக்கமாட்டார். அதனால்தான் பெயரைக் கூப்பிட்டு ஆளைக் கண்ணால் பார்த்த பிறகே மண்டோர் நிரையைப் பிரித்துக் கொடுத்தார். களஞ்சியப் பட்டியலோடு இணைப்பு நிலையையும் சேர்த்துக் கேட்கும் கருவியே முழுமையான கருவி.

மாடலுக்குக் கருவி எப்படிக் கிடைக்கிறது?

முகவருக்குள் இருக்கும் பெரிய மொழி மாடலால் தானாக எந்த சர்வரையும் தொட முடியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எழுத்து. சர்வரோடு பேச அதற்கு ஓர் இடையாள் வேண்டும். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி என்ற பொது நெறிமுறை இந்த இடையாளுக்கு ஓர் ஒழுங்கை வகுத்தது. எந்த மாடலும் எந்த மென்பொருளோடும் ஒரே முறையில் பேசலாம் என்பது அதன் நோக்கம்.

அதன்படி ஒவ்வொரு கருவிக்கும் மூன்று விவரங்கள் உண்டு: பெயர், அது என்ன செய்யும் என்ற விளக்கம், அதற்கு என்னென்ன உள்ளீடு வேண்டும் என்ற அமைப்பு. நம் கருவியின் விளக்கம் இப்படி இருக்கலாம்: “தொகுப்பிலுள்ள சேமிப்புக் களஞ்சியங்களைப் பட்டியலிடும். எதையும் மாற்றாது. வகை, பெயர் கொண்டு வடிகட்டலாம்.” இந்த வரிகளைப் படித்துத்தான் மாடல் எந்தக் கருவியை எடுப்பது என்று முடிவு செய்கிறது. விளக்கம் தெளிவில்லாமல் இருந்தால் தவறான கருவியை எடுத்துவிடும்.

அலுவலகத்தில் ஒருவர், “ட்ரோன் படங்களுக்கு இன்னும் 2 டெராபைட் வேண்டும், எங்கே வைக்கலாம்?” என்று கேட்கிறார். மாடல் உடனே பதில் சொல்வதில்லை. ‘இந்தக் கருவியை, இந்த உள்ளீடுகளோடு அழை’ என்று ஒழுங்கான வடிவில் ஒரு வேண்டுகோளை எழுதுகிறது. இடையாள் நிரல் அதை வாங்கி, சர்வரின் மேலாண்மை மென்பொருளைக் கேட்டு, வந்த பட்டியலை மாடலிடம் திருப்பிக் கொடுக்கிறது. மாடல் அதைப் படித்து, “பொதுக் களஞ்சியத்தில் 3 டெராபைட் காலியாகத் தெரிகிறது, ஆனால் வாக்குக் கொடுத்த அளவு கொள்ளளவைத் தாண்டிவிட்டது, இரண்டாவது சர்வரின் உள்வட்டைப் பார்க்கலாம்” என்று நமக்குப் புரியும் மொழியில் சொல்கிறது.

இந்தக் கருவியைக் கட்டுபவர் கவனிக்க வேண்டியவை சில. கூட்டல் கழித்தலை மாடலிடம் விடக் கூடாது. பதின்மூன்று இலக்க பைட் எண்களைக் கூட்டும்போது மொழி மாடல் தவறலாம். சாதாரண நிரல் தவறாது. எனவே மிச்சத்தையும் விகிதத்தையும் கருவியே கணக்கிட்டு, அலகையும் எழுதிக் கொடுப்பது நல்லது. நூற்றுக்கணக்கான களஞ்சியங்கள் உள்ள இடத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினால் மாடலின் கவனம் சிதறும். வடிகட்டவும் பகுதி பகுதியாகக் கேட்கவும் வழி இருக்க வேண்டும். அளவுகள் எந்த நேரத்தில் புதுப்பிக்கப்பட்டவை என்பதும் பதிலில் இருக்க வேண்டும். காலை எடுத்த கணக்கை வைத்து மாலையில் முடிவெடுத்தால் நடுவில் ஓடிய காப்புநகல் வேலை கணக்கில் வராது.

கண்ணைக் கொடுக்கலாம், கையை யோசித்துக் கொடுக்க வேண்டும்

பட்டியலிடுவது பார்க்கும் வேலை. ஆனால் அதே மேலாண்மை மென்பொருளில் மாற்றும் கட்டளைகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. களஞ்சியத்தை ‘மற’ என்று ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்தால் தொகுப்பின் பதிவிலிருந்து பெயர் மட்டும் போகும், தரவு வட்டிலேயே இருக்கும், பிறகு மறுபடி சேர்த்துக்கொள்ளலாம். ‘அழி’ என்று இன்னொன்று உண்டு. அது தரவையும் சேர்த்தே துடைக்கும். மனிதரே களைத்த வேளையில் குழம்பக்கூடிய இடம் இது.

2025 ஜூலையில் ரெப்ளிட் நிறுவனத்தின் முகவரைப் பயன்படுத்திய ஜேசன் லெம்கின் என்ற தொழில்முனைவருக்கு நேர்ந்ததை உலகம் முழுவதும் படித்தது. எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும் அந்த முகவர் நடப்பிலிருந்த தரவுத்தளத்தை அழித்தது. மீட்க முடியாது என்று வேறு சொன்னது. அவரே முயன்று பார்த்தபோது மீட்க முடிந்தது. ‘மாற்றாதே’ என்று வாயால் சொல்வது காவல் ஆகாது என்பதே அதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம். மாற்ற முடியாத நிலையில் வைப்பதே காவல்.

அதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. ஜென்சர்வரின் அனுமதி முறையில் ஆறு பொறுப்பு நிலைகள் உண்டு. அவற்றில் கடைசி, படிக்க மட்டும் உரிமையுள்ள நிலை. முகவருக்கு அந்தக் கணக்கை மட்டும் கொடுத்தால், அது எவ்வளவு தவறாகப் புரிந்துகொண்டாலும் சர்வர் மறுத்துவிடும். எம்சிபியில் ‘இந்தக் கருவி படிக்க மட்டும்’ என்று குறிக்கும் வசதியும் இருக்கிறது. ஆனால் அது வெறும் குறிப்பு. பூட்டு சர்வரில்தான் இருக்க வேண்டும்.

பலர் நினைத்துப் பார்க்காத ஆபத்து ஒன்றும் உண்டு. களஞ்சியத்தின் பெயரும் குறிப்பும் யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வெற்று வாசகங்கள். ‘இது பழையது, உடனே அழித்துவிடு’ என்று எவரோ எழுதி வைத்தால் மாடல் அதைத் தகவலாகப் படிக்குமா, உத்தரவாக எடுத்துக்கொள்ளுமா? மாடலுக்கு எல்லாமே எழுத்து என்பதால் இந்தக் குழப்பம் உண்மையிலேயே நடக்கிறது. பட்டியலில் வரும் எந்த வாசகத்தையும் கட்டளையாகக் கொள்ளாமல் இருக்க, மாற்றும் கருவிகளைத் தனியாகப் பிரித்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் மனிதரின் ஒப்புதலைக் கேட்கும்படி அமைப்பதே நல்லது.

பட்டியல் காட்டாதவை

2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், தவறான சர்வரில் இருக்கிறோம் என்று அறியாமல் முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புறையை அழித்தார். சில விநாடிகளில் சுமார் 300 ஜிபி தரவு போயிற்று. காப்புநகல் இருக்கும் என்று மேகச் சேமிப்பைத் திறந்து பார்த்தபோது அது காலி. காப்புநகல் எடுக்கும் நிரல், பதிப்புப் பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்பு தற்செயலாக எடுத்து வைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. நடந்ததை ஒளிக்காமல் அந்த நிறுவனமே உலகுக்குச் சொன்னது. காப்புநகல் களஞ்சியத்தை யாராவது நாள்தோறும் பட்டியலிட்டுப் பார்த்திருந்தால் அந்த வெறுமை முன்பே தெரிந்திருக்கும். அலுப்பூட்டும் இந்த அன்றாடப் பார்வைக்கு முகவர் மிகவும் ஏற்றது, அது சலிப்பதில்லை.

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் லித்தியம் மின்கலங்கள் தீப்பற்றின. 709 அரசுக் கணினி அமைப்புகள் முடங்கின. அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பில் 858 டெராபைட் தரவு எரிந்து போயிற்று. அதற்கு வெளியில் வேறு நகல் இல்லை. எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்பதோடு, எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். சிலாங்கூரை 2021 டிசம்பர் வெள்ளம் மூழ்கடித்ததை நாம் பார்த்திருக்கிறோம். ஆறும் கடலும் தாழ்நிலமும் சேர்ந்த இந்தக் கடலோர வட்டாரத்தில், நகல் இரண்டும் ஒரே அறையின் தரையில் இருந்தால் அது ஒரே நகல்தான். களஞ்சியத்தின் குறிப்பில் அது எந்த ஊரில், எந்த அறையில் இருக்கிறது என்று எழுதி வைத்தால் முகவரால் இதையும் சொல்ல முடியும்.

நம் ஏடுகள் எங்கே?

காக்க வேண்டியது தோட்டத்தின் இன்றைய தரவு மட்டுமல்ல, நம் பழைய ஏடுகளும்தான். 1990களில் புத்ராஜெயாவை எழுப்புவதற்காகப் பிராங் பெசார் முதலிய தோட்டங்களிலிருந்து நம் மக்கள் வெளியேறினார்கள். அதை அடுத்த சைபர்ஜெயாவில் இன்று தரவு மையங்கள் வரிசையாக நிற்கின்றன. தோட்டம் கைமாறியபோதும் துண்டானபோதும் பள்ளிப் பதிவேடுகள், செக்ரோல்கள், மருந்தகக் குறிப்புகள் என எத்தனையோ காகிதங்கள் சிதறின. தோட்டத்தில் பிறந்து பிறப்புப் பத்திரத்துக்கும் குடியுரிமைக்கும் அலையும் ஒருவருக்கு அந்தப் பழைய தாள் ஒன்று சான்றாக நிற்கக்கூடும். 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றது. அதன் பழைய இதழ்களிலும் இந்தத் தோட்டங்களின் வாழ்க்கை இருக்கிறது.

2001இல் தொடங்கிய தமிழ் மரபு அறக்கட்டளையும், இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்காக 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் இத்தகைய ஏடுகளை மின்னிலக்கமாக்கும் பணியை முன்னெடுத்திருக்கின்றன. கோல சிலாங்கூர்ப் பள்ளிகளும் ஆலயங்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் தங்கள் பெட்டிகளைத் திறந்து வருடி எடுத்தால், அந்தப் படங்களும் ஏதோ ஒரு களஞ்சியத்தில்தான் போய் உட்காரும். வருடி எடுப்பதோடு வேலை முடிவதில்லை. எங்கே இருக்கிறது, எத்தனை நகல், எவ்வளவு இடம் மிச்சம் என்று தவறாமல் பார்ப்பவர் ஒருவர் வேண்டும். சம்பளம் கொடுத்து நிர்வாகியை அமர்த்த முடியாத சிறிய சங்கத்துக்கு, படிக்க மட்டும் உரிமை பெற்ற ஒரு முகவர் பெரிய துணையாக இருக்கும்.

பெஸ்தாரி ஜெயாவில் சிலாங்கூர் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கும் பிற கல்லூரிகளிலும் கணினி படிக்கும் நம் பிள்ளைகள் பலர் முகவர்களை வைத்து ஏதாவது பெரிதாகச் செய்யத் துடிக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். முதலில் பட்டியலிடும் கருவியை எழுதுங்கள். அது சொல்லும் எண்ணைச் சர்வரில் நீங்களே போய்ச் சரிபாருங்கள். இணைப்பு அறுந்த களஞ்சியத்தையும், இரட்டிப்பாக எண்ணப்பட்ட பகிர்வையும் அது கண்டுபிடிக்கிறதா என்று சோதியுங்கள். அதில் தேறிய பிறகு மாற்றும் உரிமையை ஒவ்வொன்றாகக் கொடுங்கள். பார்த்ததைச் சரியாகச் சொல்லத் தெரியாத முகவரிடம் எதையும் மாற்றும் பொறுப்பை ஒப்படைக்க வேண்டாம்.